ஹஸ்மிக் சொல்கிற வார்த்தை

நாற்பது நிமிஷம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது, நாற்பது நிமிஷம் தலையை எங்கேயும் சாய்க்காமல் இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு, தலையில் சாயம், சாயத்துக்கு மேல் ஜவுளிக்கடை கவர், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வழிகிறது, துடைத்தால் பரவும், துடைக்காவிட்டால் கறுப்பாக நிற்கும். மணி மூன்று பத்து. நாலு மணிக்கு மகள் சங்கரி கூப்பிடுவாள், வீடியோவில், பக்கத்தில் அந்தப் பொம்பளை இருப்பாள். ஐம்பத்துநாலு வயதில் யாருக்காக இந்தச் சாயம் என்று கேட்டால் எனக்கு உடனே பதில் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை, அவளுக்காகத்தான். ஆர்மீனியாவில், யெரெவான் என்கிற ஊரில், என் மகளுக்கு ஒரு அறையை வாடகைக்கு விட்டிருக்கிற ஹஸ்மிக் என்கிற அறுபத்திரண்டு வயதுக்காரி என்னைப் பார்த்து, ஐயோ பாவம், இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கிழவியா அம்மா என்று நினைத்துவிடக் கூடாது. ஹஸ்மிக் என்றால் அவர்கள் பாஷையில் மல்லிகைப்பூவாம். சங்கரி சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூவைக்கூட விட்டுவைக்கவில்லை, அதையும் எடுத்துத் தனக்குப் பேராக வைத்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவம் படிக்க அவ்வளவு தூரம் அனுப்பினேனே, இங்கே கிடைக்காத சீட்டு அங்கே கிடைத்ததே என்று பெருமைப்பட்ட காலம் உண்டு, சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் முதல் டாக்டர் என்று நானே வாயால் சொல்லித் திரிந்தேன், ஆறாவது வருஷம் இது, ஜூனில் முடிகிறது, முடிந்ததும் வந்துவிடுவாள். வந்துவிடுவாளா. போன சனிக்கிழமைதான் மெதுவாகச் சொன்னாள், "ம்மா, ஹஸ்மிக் உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணுமாம். நேரா உன்கிட்டயே கேக்கணும்ங்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இருப்பியா?" என்ன விஷயம்ட்டி என்றேன். தெரியாதும்மா என்றாள். அவளுக்கா தெரியாது. ஒன்றரை மணி நேரம்தான் அந்த ஊருக்கும் நம் ஊருக்கும் வித்தியாசம், ஒரு வாரமாக அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறேன், இப்போது அங்கே சாப்பிடுவார்கள், இப்போது இரண்டு பேரும் பால்கனியில் துணி காயப்போடுவார்கள், ஒரு கட்டடத்துக்கும் இன்னொரு கட்டடத்துக்கும் நடுவில் கயிறு கட்டி உருளையில் இழுத்துத் துணி காயப்போடுகிற ஊர் அது, என் மகளுடைய சுடிதார் அந்தரத்தில் ஆடுகிறதை அவள்தான் தினம் பார்க்கிறாள்.

என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைக் கேட்கப் போகிறாள். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும், இங்கே ஒரு கிளினிக்கில் வேலை இருக்கிறது என்பாள். இல்லை, என் அக்கா மகன் ஒருத்தன் இருக்கிறான், நல்ல பையன் என்பாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறேன், மரியாதையாக, சுருக்கமாக, சிரித்துக்கொண்டே சொல்கிற பதில். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்குச் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லத் தெரியாதா. ஆனால் அந்த வார்த்தையை அவள் சொன்னால் என்ன செய்வேன் என்பதுதான் தெரியவில்லை. ட்சவத் தானெம். நாக்கில் பழகிவிட்டது பாருங்கள், சனியன். முதலில் அதை என் மகள் வாயிலிருந்துதான் கேட்டேன். மார்ச் மாதம், முட்டி வலிக்குதுட்டி என்று போனில் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அந்தப் பக்கம் இருந்து சட்டென்று, யோசிக்காமல், "ட்சவத் தானெம்" என்றாள். என்னதுட்டி என்றேன். "ஒண்ணுமில்லம்மா, வாய்ல வந்துட்டு. இங்க எல்லாரும் சொல்லுவாங்க, ஹஸ்மிக் நாளைக்கு அம்பது தடவ சொல்லுவாங்க" என்று சிரித்தாள். ஐம்பது தடவை. நான் அந்தச் சொல்லை அப்படியே வார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன், மருந்துப் பேரை எழுதுகிற மாதிரி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துத் தேடினேன். ட்சவ் என்றால் வலி. அதன் வாலில் ஒரு சின்ன ஒட்டு, அது உன்னுடைய என்று ஆக்குகிறது. தானெம் என்றால் நான் எடுத்துக்கொண்டு போகிறேனே, சுமந்து போகிறேனே என்று ஒரு கெஞ்சல். உன் வலியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். வலியை எப்படி எடுத்துக்கொண்டு போவாய் அம்மா, கூடையிலா? நான் முப்பது வருஷமாக ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற அறையில் வேலை பார்க்கிறேன், வலி எங்கேயும் போகாது, ஊசி போட்டால் அமுங்கும், ஊசி தீர்ந்தால் எழுந்து உட்காரும், அவரவர் வலி அவரவர் உடம்போடுதான். இதை எந்தப் பாஷையிலும் மாற்ற முடியாது. ஆனாலும் விடாமல் தேடினேன், ஒரு வாரம், பத்து நாள், கள்ளத்தனமாக. வலிக்கான அந்தச் சொல் ஆதியில் எங்கிருந்து வந்தது என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையாம், எரிவது என்கிற பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒருவர், தெரியாது என்று இன்னொருவர். அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்களிடமும் இதே நினைப்பு இருக்கிறதாம், பாரசீகக்காரர்கள் உன் வலி என் உயிருக்கு வரட்டும் என்கிறார்களாம், ஜார்ஜியாக்காரர்கள் உன் கொள்ளைநோய் எனக்கு என்கிறார்களாம், யார் யாரிடம் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் வலி என்பது ஒரு பொருள், ஒரு உடம்பிலிருந்து இறக்கி இன்னொரு உடம்பில் ஏற்றலாம் என்று நம்பினார்களாம். இப்போது காய்கறிக்காரி சில்லறை கொடுக்கும்போதுகூடச் சொல்கிறாளாம், டாக்சிக்காரர் சொல்கிறாராம். அதைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சும்மா ஒரு வாய்ச்சொல், நம் ஊரில் வாங்க கண்ணு, சொல்லுங்க ராசா என்கிற மாதிரி, காசில்லாமல் கொடுக்கிற பாசம். நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. காய்கறிக்காரி சொன்னால் வாய்ச்சொல், இவள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சொன்னால் அதுவும் வாய்ச்சொல்லா?

ஆஸ்பத்திரி. அதுக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் போகிறேன், தெரிகிறது. மின்விசிறி தலைக்கு மேலே கவரைப் படபடவென்று அடிக்கிறது, அதை நிறுத்தினால் வியர்வையில் சாயம் நெற்றிக்கு வரும். மூன்று இருபது. பிப்ரவரி எட்டாம் தேதி என் மகளுக்கு அங்கே குடல்வால் ஆபரேஷன் நடந்தது. எனக்குத் தெரிந்தது மார்ச் முதல் தேதி. அதுவும் அவள் சொல்லி இல்லை, அவளோடு படிக்கிற ராஜபாளையத்துப் பிள்ளையின் அம்மா நல்ல மனசோடு போன் பண்ணி, "ஏங்க, சங்கரிக்குத் தையல் பிரிச்சாச்சா? புண்ணு ஆறிட்டா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "ஆமாங்க, ஆறிட்டு, நல்லாருக்கா" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று வாரம். குடல்வால் ஆபரேஷன் செய்தவர்களை ஆயிரம் பேரையாவது கண் விழிக்க வைத்தவள் நான், யாரை எத்தனை மணிக்கு எழுப்பி உட்கார வைக்க வேண்டும், எப்போது ஒரு வாய் தண்ணீர், காற்றுப் பிரிந்ததா என்று எத்தனை தடவை கேட்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம், என் சொந்தப் பிள்ளைக்கு அதையெல்லாம் கேட்டது ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மல்லிகைப்பூ. இரண்டு நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாளாம். சங்கரியைக் கேட்டேன், சண்டை போட்டேன், ஏன் எங்கிட்ட சொல்லல, ஏன் எங்கிட்ட சொல்லல என்று அதையே திருப்பித் திருப்பி. "நீ பதறுவேன்னுதாம்மா" என்றாள். நான் பதறுகிறவளா? என் வேலையே பதறாமல் இருப்பது. அவள் சொன்னது பொய், அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதோடு விட்டுவிட்டோம். ஆனால் எனக்குள்ளே ஒரு கேள்வி அன்றிலிருந்து முள்ளாக நிற்கிறது. மயக்கம் தெளிகிற நேரத்தில் எல்லோரும் அம்மா என்பார்கள். எழுபது வயதுக் கிழவர், அம்மா செத்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும், அம்மா அம்மா என்பார். போலீஸ்காரர் சொல்லுவார், ரௌடி சொல்லுவான். நாங்களும் என்னய்யா, இங்கதான் இருக்கேன், கண்ணத் தொறங்க என்று பதில் சொல்லுவோம், அது எங்கள் வேலையில் ஒரு பழக்கம். என் மகள் கண் விழிக்கும்போது யாரைக் கூப்பிட்டாள்? எந்தப் பாஷையில் கூப்பிட்டாள்? கூப்பிட்டதற்கு ஹஸ்மிக் பக்கத்தில் குனிந்து, ட்சவத் தானெம், சங்கரி ஜான் என்று சொல்லியிருப்பாள். ஜான் என்பது இன்னொன்று, உயிரே என்று அர்த்தம், பாரசீகத்திலிருந்து போனது, இந்தியிலும் இருக்கிறது, எல்லோர் பேருக்குப் பின்னாலும் ஒட்டவைப்பார்களாம். என் மகளுக்கு நான் சங்கரி என்று மட்டும்தான் பேர் வைத்தேன், கோமதியம்மன் கோவிலில் ஆடித்தபசு அன்று, ஒட்டு எதுவும் வைக்கவில்லை.

வலி தாங்குகிற பிள்ளை அவள். அதைச் சொல்ல வேண்டும் அந்தப் பொம்பளையிடம், என் பிள்ளை நீ நினைக்கிற மாதிரி இல்லை, சின்ன வயதிலிருந்தே அழமாட்டாள், நான் அப்படி வளர்த்தேன் என்று. ஆறாம் வகுப்பில் கோ-கோ விளையாடி விழுந்து, உதட்டைக் கடித்தபடி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எனக்குப் பகல் டூட்டி, பஸ் ஒன்று கவிழ்ந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள், எலும்பு வெளியே தெரிகிற காலையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், இந்தக் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, சுளுக்குதான் போ என்று பட்டைத் துணி சுற்றி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனாள். அந்தக் கையால் எழுதினாள். மூன்றாம் நாள் அவளுடைய அப்பாதான், மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற மனுஷன், வலி பற்றி ஒன்றும் படிக்காதவர், "ஏளா கோமதி, பிள்ள சோத்த இடது கையால அள்ளுதா, என்னன்னு பாரு" என்றார். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற சிஸ்டர்கள் எல்லாம் சிரித்தார்கள், எங்கள் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு, நர்ஸ் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் நூற்றிமூன்று வந்த பிறகு மாத்திரை என்பார்கள். நானும் சிரித்தேன். ஏன்ட்டி அழலை, வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதான என்று கேட்டதற்கு அவள், "நீதானம்மா சுளுக்குன்னு சொன்ன" என்றாள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கதையைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது, இந்த நாற்காலியில், தலை அரிக்கிறது, சொறிய முடியாது, இப்போது அது பெருமையாக வர மாட்டேன் என்கிறது. நம்மிடம் மட்டும் அந்த வார்த்தை இல்லையா என்ன, வார்த்தை எதற்கு, இரண்டு கையாலும் பிள்ளை கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தால் அதுவும் அதுதானே, உன்மேல் பட்ட கண் என்மேல் வரட்டும் என்பதுதானே. தெருவில் எல்லோரும் என் மகளுக்குச் செய்திருக்கிறார்கள். நான் செய்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கை, ஸ்பிரிட் வாடை அடிக்கும், பிள்ளையைத் தொடாமல் முதலில் குளிக்கப் போவேன், குளித்துவிட்டு வந்தால் அவள் தூங்கியிருப்பாள்.

"என்ன, இன்னும் காயலயா?" என்று அவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குள் நடமாடுவதே வேலை. "சண்டைக்குப் போறவ மாதிரி உக்காந்திருக்க. நல்ல பொம்பளளா அது. நான் பேசிருக்கேன்லா, எங்கிட்ட வணக்கம்னு சொல்லிச்சு." எனக்குத் தெரியும், இவர் இரண்டு தடவை பேசிவிட்டார், பாஷை தெரியாமலே பத்து நிமிஷம் சிரித்துக்கொண்டிருந்தார், ஆம்பளைகளுக்கு எல்லோரும் நல்ல பொம்பளைதான். "நீங்க போய் டீயப் போடுங்க" என்றேன். போகாமல் நின்றார். "பிள்ளையப் பாத்துக்கிட்டவங்கட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத, சொல்லிட்டேன்." நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை. சிரிக்கப் போகிறேன், நன்றி சொல்லப் போகிறேன், ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போட்டாச்சு என்று சொல்லப் போகிறேன். அவளுடைய சொந்த மகள் அமெரிக்காவுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறதாம், ஒரே ஒரு தடவை வந்தாளாம், அதற்கு என் மகளா கிடைத்தாள், காலி அறையை நிரப்ப? அப்போது போன் அடிக்கிறது. மூன்று முப்பத்தைந்து. அறை முழுக்க அதன் சத்தம், சங்கரியின் படம் திரையில் துள்ளுகிறது, இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறதே, தலையில் கவர் இருக்கிறதே, எடுக்காமல் விட்டால் ஆகாதா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் இந்த மனுஷன், "பிள்ள கூப்பிடுதா" என்று விரலால் திரையை இழுத்துவிட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

திரையில் இரண்டு முகம். என் மகள் மெலிந்திருக்கிறாள். பக்கத்தில் அவள். நான் நினைத்த மாதிரி பெரிய உருவம் இல்லை, ஒடிசலான பொம்பளை, மூக்கு நீளம், கண்ணுக்குக் கீழே என்னைப் போலவே கறுப்பு. என்னைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், கையைத் தட்டிச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அவள் தன் தலையைக் குனிந்து வகிட்டைக் காட்டி ஏதோ படபடவென்று சொன்னாள். "அவங்களும் போன வாரந்தான் டை அடிச்சாங்களாம்மா" என்றாள் சங்கரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "காதுல கறுப்பு இருக்காம், எலுமிச்சம்பழம் தேச்சாப் போயிருமாம். அவங்களால நாலு மணி வரைக்கும் இருக்க முடியலம்மா, அதான் முன்னாலயே கூப்பிட்டுட்டோம்." எலுமிச்சம்பழம் எனக்குத் தெரியாதா. நான் தயாரித்து வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தேன். "பிள்ளையப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு. ஜூன் பதினெட்டுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு சொல்லு." சொன்னாள். அந்தப் பொம்பளையின் முகத்தில் சிரிப்பு மெதுவாக இறங்கியது. எனக்கு ஒரு நொடி நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது, மிக நன்றாக இருந்தது. ஜெயித்துவிட்டேன். பிறகு அவள் போனுக்கு நெருங்கி உட்கார்ந்து, என் மகளைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துப் பேச ஆரம்பித்தாள், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, நான் புரிந்துகொள்வேன் என்று நம்புகிற மாதிரி. கிளினிக், அக்கா மகன், இதோ வருகிறது என்று முதுகை நிமிர்த்தினேன். பேசி முடித்தாள்.

"என்னட்டி சொல்லுதாங்க?" "ஒண்ணுமில்லம்மா, சும்மா." "சொல்லுட்டி. எதுனாலும் சொல்லு." அவள் கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க மக போனப்போ அவங்களால ஒரு வருஷம் எந்திரிக்கவே முடியலயாம். இப்போ ஜூன்ல நானும் போயிருவேன். ரெண்டாவது தடவ தாங்குமான்னு தெரியலங்காங்க. உங்கம்மா ஆறு வருஷமா தாங்கியிருக்காங்க, எப்படித் தாங்கினாங்கன்னு அவங்கட்டத்தான் கேக்கணும், வேற யாருக்கும் தெரியாதுன்னு..." நிறுத்தினாள். "அதாம்மா. அதுதான் கேக்கணும்னாங்க." எனக்குப் பதில் உடனே வந்தது, முப்பது வருஷமாக எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிற பதில், பழகிடும், வேலையப் பாருங்க, எல்லாம் சரியாப் போயிரும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டுக்குக் காத்திருக்கிறவள் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் எப்படிப் பொய் சொல்வது. ஊரில் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர்களுக்கு அது தெரியாது, இவளுக்குத் தெரியும். "தாங்கலன்னு சொல்லு" என்றேன். "ம்மா?" "நான் தாங்கலைன்னு சொல்லுட்டி. உன் தலகாணி உறைய ஆறு வருஷமா துவைக்கலன்னு சொல்லு. டூட்டிக்குப் போகும்போது உன் அறையில அஞ்சு நிமிஷம் நின்னுட்டுத்தான் போவேன்னு சொல்லு. பொதிகை ரயிலு சத்தம் கேட்டா இப்பமும் நெஞ்சு அடைக்குது, அதுலதான உன்ன ஏத்திவிட்டேன். பழகவே இல்ல. பழகும்னு நெனச்சு ஏமாந்துராதீங்கன்னு சொல்லு." என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. பின்னால் அவர் டீத் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார், அவருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது.

சங்கரி மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வந்தது, அடுத்தது வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள், கை உடைந்தபோது கடித்த மாதிரியே. அப்புறம் அந்தப் பாஷையை விட்டுவிட்டு, என்னைப் பார்த்து, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் குரலில், "எங்கிட்ட ஏம்மா சொல்லல நீ?" என்றாள்.

ஹஸ்மிக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, நான் என்ன பதில் சொன்னேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.